பைத்தானில் வலைப் படிவங்களை எளிமையாக உருவாக்குவது எப்படி?

கேள்வி

வணக்கம். பைத்தானின் வலைச் சட்டகமான ஃபிளாஸ்க் கொண்டு ஓர் உள்பயன்பாட்டு மென்பொருளை எழுதி வருகிறேன். உறுப்பினர் பதிவு, நிகழ்ச்சிப் பதிவு, விடுப்பு விண்ணப்பம், புகார் என்று படிவங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. ஒவ்வொரு படிவத்துக்கும் எச்டிஎம்எல்லைக் கையால் எழுதுகிறேன். அதே புலங்களை வழங்கியில் (சர்வரில்) ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்க்கிறேன். பிழை இருந்தால், பயனர் நிரப்பியவை அழிந்துபோகாமல் படிவத்தை மீண்டும் காட்டுவதற்காக எல்லாப் புலங்களிலும் பழைய மதிப்பைப் பொருத்துகிறேன். ஒரு புலத்தின் உச்ச நீளத்தை மாற்ற வேண்டுமென்றால் வார்ப்புரு (எச்டிஎம்எல் டெம்ப்ளேட்), வழங்கி நிரல், தரவுத்தளம் ஆகிய மூன்று இடங்களிலும் கை வைக்க வேண்டியிருக்கிறது.

புலத்தின் பெயர், வகை, லேபிள் ஆகியவற்றைப் பட்டியலாகக் கொடுத்தால் எச்டிஎம்எல்லைத் திருப்பித் தரும் சிறு ஃபங்ஷன் ஒன்றை நானே எழுதிக்கொள்ளலாமா, அல்லது இதற்கென உள்ள லைப்ரரியைப் பயன்படுத்துவது நல்லதா? படிவத்தின் தோற்றம் என் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பதும் எனக்கு முக்கியம்.

மறுமொழி 1

வணக்கம். நீங்கள் எழுத நினைக்கும் ஃபங்ஷன், எச்டிஎம்எல்லைத் தட்டச்சு செய்யும் வேலையை மட்டுமே குறைக்கும். உங்கள் சிரமத்தில் அது சிறு பகுதிதான். பயனர் நிரப்பி அனுப்பியது திரும்பி வரும்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. வந்து சேர்பவை, கோப்புகள் நீங்கலாக, எல்லாமே வெறும் சரங்கள். அவற்றை எண்ணாகவும் தேதியாகவும் மாற்ற வேண்டும், விதிகளோடு ஒப்பிட வேண்டும், தவறு இருந்தால் உரிய புலத்தின் அருகே உரிய செய்தியோடு அதே படிவத்தைத் திரும்பக் காட்ட வேண்டும். இந்தப் போக்குவரத்து முழுவதையும் ஒரே வரையறையிலிருந்து நடத்த முடிந்தால்தான் அதை எளிமை என்று சொல்ல முடியும்.

பெர்ல் மொழியில் இது பழைய கதை. 1997 முதல் பெர்லுடனேயே வந்துகொண்டிருந்த சிஜிஐ.பிஎம் என்ற தொகுதி, படிவக் குறிகளை உருவாக்கித் தரும் ஃபங்ஷன்களைக் கொண்டிருந்தது. பயனர் முன்பு தந்த மதிப்பைத் தானாகவே புலத்தில் திரும்ப நிரப்பும் வசதியும் அதில் இருந்தது. ஆயினும் எச்டிஎம்எல் உருவாக்கும் அந்த ஃபங்ஷன்களை இனிப் பயன்படுத்த வேண்டாம், வார்ப்புருக்களை நாடுங்கள் என்று பிற்காலத்தில் அதன் ஆவணமே கூறியது. 2015இல் பெர்ல் 5.22 வெளியானபோது அந்தத் தொகுதியே மையத் தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டது. தோற்றத்தை நிரலுக்குள் புதைத்துவிட்டால், ஒரு லேபிளைச் சற்று நகர்த்துவதற்கும் நிரலைத் திறக்க வேண்டிவரும் என்பதை அதைப் பயன்படுத்திய எவரும் அறிவார்.

ஆகவே படிவங்களை வரையறுத்துச் சரிபார்க்கும் பைத்தான் லைப்ரரியான டபிள்யூடிஃபார்ம்ஸைப் பரிந்துரைக்கிறேன். ஒரு படிவத்துக்கு ஒரு கிளாஸ். அதற்குள் ஒரு புலத்துக்கு ஒரு வரி. அந்த வரியிலேயே லேபிள், வகை, கட்டாயமா இல்லையா, உச்ச நீளம் எவ்வளவு என்பவை அனைத்தும் அடங்கிவிடும். அதன் 3ஆம் பதிப்பிலிருந்து, நீளத்துக்கு நீங்கள் தரும் விதி உலாவிக்குரிய உச்ச நீளப் பண்பாகவும் எச்டிஎம்எல்லில் தானே இடம்பெறுகிறது. அதே எண்ணை ஒரு மாறிலியில் வைத்துத் தரவுத்தள வரையறையிலும் பயன்படுத்தினால், நீங்கள் சொன்ன மூன்று இடங்களும் ஒன்றாகிவிடும். அதை ஃபிளாஸ்க்குடன் இணைக்கும் ஃபிளாஸ்க்-டபிள்யூடிஎஃப் சேர்த்துக்கொண்டால், வேற்றுத் தளத்திலிருந்து போலியாகப் படிவத்தை அனுப்பும் சிஎஸ்ஆர்எஃப் தாக்குதலுக்கான காப்பும் கிடைக்கும்.

தோற்றத்துக்கு, ஃபிளாஸ்க்கின் வார்ப்புரு மொழியான ஜிஞ்ஜாவில் ஒரே ஒரு மேக்ரோ (திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வார்ப்புருத் துண்டு) எழுதுங்கள். ஒரு புலத்தை வாங்கி அதன் லேபிள், உள்ளீட்டுப் பெட்டி, பிழைச் செய்தி ஆகிய மூன்றையும் உங்கள் விருப்பப்படி அடுக்குவது மட்டுமே அதன் வேலை. பத்துப் பன்னிரண்டு வரிகளில் முடிந்துவிடும். பிழைச் செய்திக்கு ஓர் அடையாளம் கொடுத்து, உள்ளீட்டுப் பெட்டியின் ஏரியா-டிஸ்க்ரைப்ட்பை (aria-describedby) பண்பில் அதைக் குறிப்பிட்டால், திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கும் எந்தப் புலத்தில் என்ன தவறு என்று கேட்கும். எல்லாப் படிவங்களும் இந்த மேக்ரோ வழியாகவே வருவதால் இதை ஒருமுறை செய்தால் போதும். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இதுதான்.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் "ஒரே இடம்" என்ற ஆசை சிலரைத் தரவுத்தள அட்டவணையிலிருந்தே படிவத்தைப் பிறப்பிக்கும் வழிக்கு இட்டுச் செல்கிறது. அங்கே கவனம் தேவை. மற்றொரு பைத்தான் வலைச் சட்டகமான ஜாங்கோவின் மாடல்ஃபார்ம் இதை அழகாகச் செய்கிறது என்பது உண்மைதான். ஆனால் அட்டவணையில் இருப்பவை எல்லாம் பயனர் தொடக்கூடியவை அல்ல. எல்லாப் புலங்களையும் தானாகச் சேர்த்துக்கொண்டால், நாளை அட்டவணையில் "நிர்வாகி" என்றொரு புலம் சேரும்போது அது சத்தமில்லாமல் படிவத்துக்குள்ளும் வந்துவிடும். இதனால்தான் ஜாங்கோ 1.8 முதல், எந்தப் புலங்கள் வேண்டும் அல்லது எவை வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லாத மாடல்ஃபார்மை அது ஏற்பதே இல்லை. வேண்டாதவற்றைப் பட்டியலிடுவதைவிட வேண்டியவற்றைப் பட்டியலிடுவதே பாதுகாப்பு.

லைப்ரரி எதுவானாலும் தேர்வுப்பெட்டியை (செக்பாக்ஸ்) தனியாகச் சோதியுங்கள். குறியிடப்படாத தேர்வுப்பெட்டியைப் பற்றி உலாவி வழங்கிக்கு எதையுமே அனுப்புவதில்லை. "இல்லை" என்ற விடையும் "அந்தப் புலமே படிவத்தில் இல்லை" என்பதும் வழங்கிக்கு ஒன்றுபோலவே தெரியும். ஜாங்கோ படிவங்களில் பூலியன் (ஆம்/இல்லை) புலம் இயல்பாகவே கட்டாயப் புலம் என்பதால், பயனர் அதைக் குறியிட்டே தீர வேண்டும் என்றாகிவிடுகிறது. நிபந்தனைகளை ஏற்கும் பெட்டிக்கு அது பொருந்தும், "செய்திமடல் வேண்டுமா?" என்ற கேள்விக்குப் பொருந்தாது.

மறுமொழி 3

தமிழில் பெயர்களை வாங்கப் போகிறீர்கள் என்றால் சரிபார்ப்பு விதிகளைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்க வேண்டும் என்று கருதி, அதைச் சோதிக்கும் பைத்தானின் இஸ்ஆல்ஃபா (isalpha) கொண்டு "தமிழ்" என்ற சரத்தைச் சோதித்துப் பாருங்கள். பொய் என்றே விடை வரும். உயிர்மெய்யின் துணைக்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் எழுத்து என்ற வகையில் சேராமல் குறி என்ற வகையில் இருப்பதே காரணம். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (உரை வடிவத்தைச் சோதிக்கும் விதி) பின்சாய்கோட்டுடன் டபிள்யூ (\w) இட்டாலும் இதே விளைவுதான். எனவே பெயர்ப் புலத்தில் இத்தகைய விதியை வைக்கவே வேண்டாம். வெற்றாக இல்லை, அளவுக்கு மீறி நீளமாக இல்லை என்ற இரண்டும் போதும்.

நீளத்திலும் தாராளம் வேண்டும். கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தெரியும் "தமிழ்", பைத்தானுக்கு ஐந்து யூனிகோட் குறியீடுகள். யூடிஎஃப்-8இல் 15 பைட்டுகள். மேலும் "கொ" என்பதன் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். பார்வைக்கு வேறுபாடே இராது, தேடும்போது மட்டும் ஒன்று மற்றொன்றோடு பொருந்தாது. டபிள்யூடிஃபார்ம்ஸில் புலத்துக்கு ஃபில்டர் (வந்த மதிப்பை மாற்றித் தரும் ஃபங்ஷன்) தரும் வசதி இருக்கிறது. அங்கே யூனிகோட்டேட்டா தொகுதியின் மூலம் இத்தகைய துணைக்குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

புகார்ப் படிவம் என்றதால் இன்னொன்று. பலவரி உரைப்பெட்டியில் ஒரு வரிமுறிவை உலாவி ஒரு குறியீடாக எண்ணுகிறது; அனுப்பும்போது இரண்டாக அனுப்புகிறது. உலாவி ஏற்றுக்கொண்ட உரையை வழங்கி "மிக நீளம்" என்று தள்ளிவிடுவதற்கு இது ஒரு காரணம். அதே ஃபில்டரில் வரிமுறிவுகளையும் ஒற்றையாக்கிவிட்டால் இரு தரப்புக் கணக்கும் ஒத்துப்போகும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. விடுப்பு விண்ணப்பத்தை டபிள்யூடிஃபார்ம்ஸுக்கு மாற்றிவிட்டேன். மேக்ரோ முறை நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் நிகழ்ச்சிப் பதிவில் ஒருவர் தம்முடன் வருபவர்களையும் சேர்க்கலாம். எத்தனை பேர் என்பது முன்கூட்டித் தெரியாது. இப்படித் திரும்பத் திரும்ப வரும் வரிசைகளுக்கும் கிளாஸ் முறை உதவுமா?

மறுமொழி 1

உதவும். வருபவர் ஒருவருக்குரிய புலங்களைத் தனி கிளாஸாக எழுதி, அதை ஃபார்ம்ஃபீல்டில் (ஒரு படிவத்தையே புலமாக்கும் வகை) பொதிந்து, அந்த ஃபார்ம்ஃபீல்டை ஃபீல்டுலிஸ்டில் (புலங்களின் பட்டியல்) வையுங்கள். புலப் பெயர்கள் "வருபவர்-0-பெயர்", "வருபவர்-1-பெயர்" என்ற வடிவில் அமையும். புதிய வரிசையைச் சேர்க்கும் ஜாவாஸ்கிரிப்ட் அந்த எண்ணை மட்டும் கூட்டினால் போதும். இடையில் ஒரு வரிசையைப் பயனர் நீக்கி எண்கள் விட்டுவிட்டு வந்தாலும் ஃபீல்டுலிஸ்ட் சரியாகவே படித்துக்கொள்ளும். உச்ச எண்ணிக்கையைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். இல்லையேல் யாரேனும் ஆயிரக்கணக்கான வரிசைகளை அனுப்பினாலும் அத்தனையையும் வழங்கி செயலாக்க முற்படும்.

உள்ளே பொதியும் கிளாஸ், ஃபிளாஸ்க்-டபிள்யூடிஎஃப் தரும் ஃபிளாஸ்க்ஃபார்மிலிருந்து வரக் கூடாது. டபிள்யூடிஃபார்ம்ஸின் சாதாரண ஃபார்மிலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வரிசையும் தனக்கென ஒரு சிஎஸ்ஆர்எஃப் டோக்கனை (படிவம் போலியல்ல என்று காட்டும் மறைவான மதிப்பு) எதிர்பார்க்கும். ஜாவாஸ்கிரிப்ட் சேர்த்த புதிய வரிசையில் அது இருக்காது என்பதால் படிவம் முழுவதும் நிராகரிக்கப்படும். அந்தப் பிழை மறைந்திருக்கும் புலத்துக்கு உரியதாகையால் திரையில் எந்தச் செய்தியும் தோன்றாது. அப்படி நேர்ந்தால் படிவத்தின் எர்ரர்ஸ் பண்பை அச்சிட்டுப் பாருங்கள்.