தேர்வு மதிப்பெண் குறைந்தால் பள்ளிக்கு வரும் நிதியும் குறையுமா?

கயல்விழி:
அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அரசுப் பள்ளியொன்றில் என் மகள் மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பொங்கல் கழிந்ததிலிருந்து மாநிலத் தேர்வுக்கான பயிற்சித்தாள்கள் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வருகின்றன. சமூக அறிவியல் பாடமோ நடப்பதாகவே தெரியவில்லை. மதிப்பெண் குறைந்தால் பள்ளிக்குப் பணம் வராது என்று மற்றப் பெற்றோர் சொல்கிறார்கள். அது உண்மையா?

செல்வநாயகம்:
நேரடியாக அப்படி இல்லை. மத்திய அரசின் 'டைட்டில் ஒன்' நிதி ஏழைப் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்தே பகிரப்படுகிறது. ஆனால் அந்நிதியைப் பெறும் மாநிலம் 3 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு நடத்தியாக வேண்டும் என்று, 2002இல் கையெழுத்தான 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' சட்டம் விதித்தது. தொடர்ந்து இலக்கை எட்டாத பள்ளிகளைக் கொண்ட மாவட்டங்கள், பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்பும் போக்குவரத்துக்கும் வெளியார் நடத்தும் தனிப்பயிற்சிக்கும் அந்நிதியில் 20 சதவீதம் வரை ஒதுக்க நேர்ந்தது. ஆக, ஒதுக்கீடு அப்படியே இருந்தும், உதவி மிகவும் தேவைப்பட்ட வகுப்பறைக்குள் போய்ச் சேர்ந்த பணம் சுருங்கியது. இதை நான் பெரிய அநீதியாகவே கருதுகிறேன். 2015இல் வந்த சட்டம் இந்தக் கட்டாயத்தை நீக்கியது, தேர்வுகளை விட்டுவைத்தது.

மதிப்பெண் நிதியைப் பாதிக்கும் வேறொரு வழியும் உண்டு. நல்ல மதிப்பெண் பெறும் பள்ளியின் எல்லைக்குள் வீட்டு விலை ஏறுகிறது. பள்ளிகளின் வருவாயில் கணிசமான பங்கு, வீட்டு மதிப்பை வைத்து விதிக்கப்படும் உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது.

மங்கையர்க்கரசி:
அந்த மாநிலத்திலேயே பல ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். அங்கே 8ஆம் வகுப்புக்கு முன் சமூக அறிவியலில் மாநிலத் தேர்வு கிடையாது. எனவே நேரம் போதாதபோது முதலில் கைவிடப்படுவது அதுதான். தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்றே கீழே நிற்கும் நான்கைந்து பிள்ளைகளைத் தனியே அழைத்துப் பயிற்றுவிக்கச் சொல்வார்கள். மிகவும் பின்தங்கிய பிள்ளை, ஓராண்டில் கோட்டைத் தாண்டாது என்பதால், கடைசி வரிசையிலேயே இருந்துவிடும். அந்தப் பிள்ளைகளின் முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. இந்த நெருக்கடி எதுவரை போகும் என்பதை அம்மாநிலத் தலைநகர் அட்லாண்டா காட்டியது: 2009ஆம் ஆண்டுத் தேர்வில் விடைத்தாள்களைத் திருத்தியது உள்ளிட்ட முறைகேடுகளில் 44 பள்ளிகளின் 178 ஆசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் தொடர்பிருந்ததாக 2011இல் மாநில விசாரணை அறிக்கை கூறியது.

இளங்கோ:
மதிப்பெண்ணை நேரடியாகப் பணத்தோடு கட்டிப்போட்ட நாடு இங்கிலாந்து. 1862இல் வந்த விதிப்படி, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஒரு பிள்ளை தவறும் ஒவ்வொன்றுக்கும் பள்ளியின் மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறைக்கப்பட்டது. ஆய்வாளர் வரும் நாளுக்காகப் பிள்ளைகள் வாசகங்களை மனப்பாடம் செய்தனர். அம்முறை முற்றிலும் ஒழிய 1890கள் வரை ஆயிற்று.

மங்கையர்க்கரசி:
கயல்விழி, வாரத்தில் எத்தனை மணி நேரம் சமூக அறிவியலுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது என்பதை எழுத்து மூலம் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். வகுப்பாசிரியர் மீது குறை சொல்ல வேண்டாம். கால அட்டவணை பெரும்பாலும் அவர் கையில் இல்லை.