புதுப்பிப்பு: கடைசிக் காட்சி அரங்கேறிவிட்டது

மூன்று வாரங்களுக்கு முன் இங்கே எழுதியிருந்தேன்: நான் முதன்முறையாக இயக்கும் நாடகத்தில், மகன் வீட்டை விட்டுப் போகும் கடைசிக் காட்சி எத்தனை ஒத்திகை பார்த்தும் உயிர் பெறவில்லை, வசனத்தை வெட்டலாமா என்று. பலரும் வெட்டச் சொன்னீர்கள். வெட்டினேன். பதினொரு வரிகள் மூன்றாயின. அப்போதும் சரியாக வரவில்லை.

பிழை என்னிடம்தான் இருந்தது. அம்மாவாக நடிப்பவரிடம் "இந்த இடத்தில் அழுங்கள்" என்று உணர்ச்சியையே கேட்டுக்கொண்டிருந்தேன். போன செவ்வாய்க்கிழமை அதை நிறுத்திவிட்டு ஒரு வேலையை மட்டும் கொடுத்தேன்: "அவன் பேசி முடிப்பதற்குள் இந்தத் தூக்குவாளியை மூடிவிடுங்கள், அக்கா." மூடி கொஞ்சம் நசுங்கியது, பொருந்தவில்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பி அழுத்தினார். மகனாக நடிப்பவர் வசனத்தை மறந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வேறு மூடி வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து நாடகக் கம்பெனிகளில், பாட்டும் வசனமும் நடிப்பும் சொல்லிக்கொடுத்தவரை 'வாத்தியார்' என்றார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை நான்தான் மாணவன்.

சனிக்கிழமை அரங்கேற்றம். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றேன். திரை விலகிய பிறகு இயக்குநருக்கு அங்கே வேலையே இல்லை. அந்தத் தவிப்பை எப்படிச் சொல்வது! மூடி 'டக்' என்று பொருந்தியபோது அரங்கில் ஓர் இருமல்கூடக் கேட்கவில்லை.

அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.