டேட்டா சயின்ஸ் ப்ரொஃபசர்கிட்ட நேர்ல பேசின அனுபவம் இருந்தா சொல்லுங்க

பொருநை_கார்த்தி
எம்எஸ் இன்டர்வியூ, காலேஜ் பேர் வேணாம். பேனல்ல இருந்த மேடமோட ப்ரொஃபைல் படிச்சிட்டுதான் போனேன், பிடெக்ல இருந்து பிஎச்டி வரைக்கும் எல்லாமே கெமிக்கல், ரிசர்ச் இன்ட்ரஸ்ட்ல மட்டும் டேட்டா சயின்ஸ்னு இருந்துச்சு. நான் நியூரல் நெட்வொர்க் எல்லாம் உருப்போட்டு வச்சிருக்கேன், அவங்க போர்டுல ஒரு பைப் வரைஞ்சு அதை ரெண்டா பிரிச்சாங்க. உள்ள போற மீட்டர் 100 காட்டுது, வெளிய 60, 43. லீக் கிடையாது. எந்த மீட்டர் தப்பு?

இத மட்டும் வச்சு சொல்ல முடியாது மேடம்னேன். "சரி, மூணுமே ஒரே அளவுக்கு நம்பகமானதுன்னா?"ன்னாங்க. நான் யோசிச்சிட்டு நிக்கும்போதே சாக்பீஸ எடுத்து 101, 59, 42ன்னு எழுதினாங்க, மூணுலயும் ஒண்ணு ஒண்ணு நகர்த்தி கணக்க நேர் பண்ணிட்டாங்க. லீஸ்ட் ஸ்கொயர்ஸ் (திருத்தங்களோட வர்க்கத்தக் கூட்டினா அது மிகக் குறைவா வர்ற மாதிரி சரிபண்றது) நான் எத்தனையோ தடவை படிச்சதுதான், ஆனா அது இப்படி ஒரு பைப்புக்குள்ள இருக்கும்னு அன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன்.

ஸ்டாட்ஸ்_முருகன்
நல்ல கேள்விதான், ஆனா இது கெமிக்கல் ப்ளான்ட்ல ரொம்ப நாளா பண்றது, டேட்டா சயின்ஸ்னு புதுப்பேர் எதுக்கு? அடிப்படை எல்லாம் ஸ்டாட்டிஸ்டிக்ஸ். நம்ம நாட்டு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மேதை சி.ஆர். ராவ் கேம்பிரிட்ஜ்ல, அந்தத் துறையோட முன்னோடி ஃபிஷர்கிட்ட பிஎச்டி பண்ணவர், ஒரு மதிப்பீடு எவ்வளவு துல்லியமா இருக்க முடியும்னு சொல்ற கிராமர்-ராவ் எல்லை 1945லயே வந்தாச்சு. எங்க எம்எஸ்சி சார்கிட்ட ஒருத்தன் நோய் கண்டுபிடிக்கிற மாடல் 95% அக்யூரசின்னு சொன்னான். "உன் டேட்டால நோய் இல்லாதவங்க எத்தனை சதவீதம்?"ன்னு ஒரே கேள்வி. பாத்தா அதுவும் 95, அதாவது எல்லாருக்கும் நோய் இல்லைன்னு சொன்னாலே அந்த அக்யூரசி வந்துடும். க்ளாஸே அமைதி.

வைகை_நிலா
முருகன் அண்ணா, ஒத்துக்க மாட்டேன். ஐஐடிகள் நடத்துற ஆன்லைன் கோர்ஸ் தளம் என்பிடெல்ல "டேட்டா சயின்ஸ் ஃபார் இன்ஜினியர்ஸ்" எடுக்குற ரகுநாதன் ரெங்கசாமி சார், சங்கர் நரசிம்மன் சார் ரெண்டு பேருமே ஐஐடி மெட்ராஸ் கெமிக்கல் டிபார்ட்மென்ட்ல இருந்து வந்தவங்கதான். கார்த்தி சொன்ன இந்த மீட்டர் விஷயத்துக்கே நரசிம்மன் சார் இன்னொருத்தரோட சேர்ந்து ஒரு புக்கே எழுதியிருக்காரு. சென்சார் பொய் சொன்னா ப்ளான்ட்ல ஆள் உயிருக்கே ஆபத்து, அதனால அவங்களுக்கு டேட்டாவ சந்தேகப்படுறது பழகிப்போன வேலை.

என் அனுபவம் சின்னது, ஒரு ப்ரொஃபசருக்கு அவர் பேப்பர்ல இருந்த ஒரு டேபிள் பத்தி மெயில் போட்டேன், அன்னைக்கு ராத்திரியே பதில் வந்துச்சு.

கைடு தேடுறவங்களுக்கு சொல்றேன், ரிசர்ச் இன்ட்ரஸ்ட் லிஸ்ட்ட மட்டும் நம்பாதீங்க, மெஷின் லேர்னிங்னு எல்லாரும்தான் போடுறாங்க. பிஎச்டி தீசிஸ் தலைப்பையும் அவங்களோட கைடு யாருன்னும் பாருங்க. உதாரணத்துக்கு ஐஐடி மெட்ராஸ் பி. ரவீந்திரன் சார், 2004ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் யுனிவர்சிட்டில பிஎச்டி முடிச்சாரு, கைடு ஆண்ட்ரூ பார்ட்டோ, ரிச்சர்ட் சட்டனோட சேர்ந்து கம்ப்யூட்டர் சயின்ஸோட உயர்ந்த விருதான டூரிங் விருத 2024க்கு வாங்கினவர். தீசிஸே ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்ல (மெஷின் தானே செஞ்சு பார்த்து, கிடைக்கிற பலன வச்சு கத்துக்கிறது) அப்ஸ்ட்ராக்‌ஷன் (தேவையில்லாத விவரத்த விட்டுட்டுப் பார்க்கிறது) பத்தி, அதப் படிச்சா அவரோட என்பிடெல் வீடியோல எதுக்கு எதை அழுத்தி சொல்றார்னு புரியும். அப்புறம் கடைசியா வந்த பேப்பர்ல முதல் பேரு ஸ்டூடன்ட்டோடதான்னு பாருங்க, முடிச்சுட்டுப் போனவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு தேடுங்க, முடிஞ்சா அவங்ககிட்டயே பேசுங்க. இதெல்லாம் பார்த்தப்புறம் மெயில் போடுங்க, அதுவும் நாலு வரிக்கு மேல வேணாம்.