தங்கச்சி ஜெர்மனிக்கு நர்ஸாகப் போகிறாள், வீட்டுக்காரரும் கூடவே போகலாமா?

காரைக்குடிப்பெண்:
தங்கச்சி தேவகோட்டையில் நர்ஸ். ஜெர்மன் மொழித் தேர்வில் பி2 நிலை பாஸ் பண்ணிவிட்டாள், வேலையும் உறுதி. அவள் வீட்டுக்காரர் மெக்கானிக்கல் இன்ஜினியர், ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாது. இரண்டு வயதுப் பிள்ளை. மூன்று பேரும் சேர்ந்தே போகலாமா? அங்கே போய் அவர் சும்மா உட்காரும்படி ஆகிவிடுமோ என்று அம்மாவுக்கு ஒரே கவலை, எனக்கும்தான்.

ஸ்டுட்கார்ட்_நர்ஸ்:
அக்கா, நம் ஊர் நர்சிங் படிப்பை அங்குள்ள மாநில அலுவலகம் அங்கீகரிக்கும் வரை பெரும்பாலும் உதவியாளர் சம்பளம்தான், அதுவரை குடும்பச் செலவு முழுக்க அவள் தலையில். கணவருக்கு வேலை பார்க்க அனுமதி உண்டு, தடை மொழிதான். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு அரசு நடத்தும் ஒருங்கிணைப்பு வகுப்பில் 600 மணி நேரம் மொழி, 100 மணி நேரம் அந்த நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கைமுறை. அது பி2வுக்கு ஒரு படி கீழே உள்ள பி1 வரைதான் கொண்டுபோகும். பி1 வரை நம் ஊரிலேயே படித்துவிட்டு வந்தால் பாதிச் சுமை குறையும்.

பள்ளத்தூர்க்காரன்:
குடும்பத்தோடு போகட்டும் ஆத்தா. எங்கள் ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழில் செய்யப் போனவர். மூன்று வருடத் தவணைதான் ஒரு கணக்கு, ஆச்சியும் பிள்ளைகளும் இங்கே, கணக்கு முடிந்தால் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள், அதனால் அந்த ஊர் மனிதர்களோடு கடன் பத்திரத்தைத் தாண்டி ஒரு பழக்கமும் இல்லை. 1930களில் நெல் விலை சரிந்தது, கடன் கட்ட முடியாதவர்களின் நிலம் கடன் கொடுத்த நம் செட்டியார்கள் கைக்கு வந்தது, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு. நிலம் வேண்டும் என்று போனவர்கள் இல்லை, ஆனாலும் அந்த விவசாயிக்கு நாம் நிலத்தைப் பறித்தவர்கள்தானே? 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். நமக்காகப் பேச அங்கே ஒரு பக்கத்து வீட்டுக்காரன்கூட இல்லை என்று ஐயா கடைசிவரை சொல்வார்.

டொரண்டோவாசி:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் அந்த ஊரோடு ஒட்டி வாழும் பொறுப்பு முழுவதையும் போகிறவர் மேல் போடக் கூடாது. இங்கே ஒன்டாரியோ மாகாணத்தில், கனடாவில் வேலை பார்த்த அனுபவம் காட்டினால்தான் இன்ஜினியர் உரிமம் என்றிருந்தது, 2023இல்தான் அந்த விதியை எடுத்தார்கள். நன்றாகப் படித்தவர்கள், ஆங்கிலமும் தெரிந்தவர்கள், அதனால் எத்தனை வருடம் வீணாகத் தவித்தார்கள்! கதவைத் திறக்க வேண்டியது அந்த நாடும்தான்.

காரைக்குடிப்பெண்:
சரி, அவரை இன்றே ஜெர்மன் வகுப்பில் சேரச் சொல்கிறேன். பிள்ளையை எங்கே விடுவது?

ஸ்டுட்கார்ட்_நர்ஸ்:
ஒரு வயது முடிந்த பிள்ளைக்குக் காப்பகத்தில் இடம் பெற 2013 முதல் சட்ட உரிமை உண்டு. ஆனாலும் பல ஊர்களில் இடம் தட்டுப்பாடு, அதனால் வீட்டு முகவரி கிடைத்த அன்றே பதியச் சொல்லுங்கள்.