டிசம்பர் 26க்கு முன் ஒரு போன் பட்டியல்

நம் ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

2004 சுனாமியின் நினைவு நாளான டிசம்பர் 26 நெருங்குகிறது. கடலில் பால் ஊற்றி அஞ்சலி செலுத்த வழக்கம்போல் பணம் அனுப்பிவிடுவோம். இந்த வருடம் அதோடு, ஆபத்து வந்தால் ஊருக்குச் சொல்ல ஒரு போன் பட்டியலும் போடக் கேட்கிறேன்.

புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு என்று ஒரு மீனவர் ஊர். 2004இல் அந்த ஊர்ப் பையன் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். இந்தோனேசியாவின் சுமத்ரா தீவருகே நிலநடுக்கம் என்ற செய்தியைக் கேட்டதும் வீட்டுக்குப் போன் அடித்து, உடனே வெளியேறுங்கள், ஊருக்கும் சொல்லுங்கள் என்றார். கடல் நிலவரம் அறிவிக்க எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே அமைத்திருந்த தகவல் மையம் பூட்டிக் கிடந்தது. கதவை உடைத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். படகுகளும் வீடுகளும் போயின. ஆனால் சுமார் 3,600 பேரில் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

நிலம் குலுங்கியது நம் நேரப்படி காலை 6.29க்கு. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் நமக்குச் சொல்ல ஆள் இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இழந்தோம்.

ஆழ்கடலில் அந்த அலை மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், ஆனால் உயரம் ஒரு மீட்டர்கூட இருக்காது. அதனால்தான் ஆழத்தில் தொழிலுக்குப் போயிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கரையை நெருங்கி ஆழம் குறைந்ததும் முன்னால் வரும் தண்ணீர் வேகம் குறைய, பின்னால் வருவது அதன்மேல் ஏறிவிடுகிறது.

கடல் உள்வாங்கினால்தான் சுனாமி என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். அதை நம்பி இருக்காதீர்கள். அன்று கடலடியில் மேலே எழும்பிய பகுதி நம் பக்கம் இருந்ததால் இங்கே முதலில் தண்ணீர்தான் வந்தது. கீழே இறங்கிய பகுதி தாய்லாந்துப் பக்கம்; அங்கேதான் கடல் முதலில் உள்வாங்கியது. அப்புறம், ஒரு அலையோடு முடிவதும் இல்லை. முதல் அலை வடிந்ததும் பொருளை எடுக்கப் போனவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது, சரி. 2012 ஏப்ரல் 11இல் சுமத்ரா அருகே 8.6 அளவில் நடுங்கியபோது எச்சரிக்கையும் வந்தது. கடலடி நிலத்தட்டுகள் மேலும் கீழுமாக இல்லாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. அன்று நான் ஷார்ஜாவிலிருந்து அடித்து அடித்து, கடைசியில் கீழத்தெருச் சித்தப்பா வீட்டில்தான் எடுத்தார்கள். அவர்களுக்கு அதுவரை ஒன்றும் தெரியாது.

ஆகவே தெருவுக்கு மூன்று வீட்டு எண்களாவது வேண்டும்; இரவிலும் போனை எடுப்பவர்களாகப் பார்த்துச் சொல்லுங்கள். வடக்குத் தெருவுக்கு நான் வாங்கிவிட்டேன். கோயில் மைக்செட் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் யாராவது கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஷார்ஜாவிலிருந்து உங்கள் ஊர்க்காரன்