பொருள்: ‘பேட்டரி புத்துயிரூட்டல்’ – ஒரு சொல் போதாது

வணக்கம்.

கார்ட்லெஸ் டிரில் போன்ற கருவிகளின் ஓய்ந்துபோன பேட்டரியை வீட்டிலேயே சரிசெய்வதற்குப் ‘புத்துயிரூட்டல்’ என்ற சொல் நம் அகராதிக்காக இங்கே முன்வைக்கப்பட்டது. கேட்க இனிய சொல்தான்; ஆனால் முற்றிலும் வேறான இரண்டு வேலைகளை அது ஒரே பெயரில் அடக்கிவிடுகிறது.

முதல் வேலை பழைய நிக்கல்-காட்மியம் கலங்களுக்கு (பேட்டரிக்குள் இருக்கும் தனித்தனி செல்களுக்கு) உரியது. 1.2 வோல்ட் கலங்கள் 15 தொடராக நின்றால்தான் 18 வோல்ட் அடுக்கு (பேட்டரி பேக்) ஆகும். அவற்றுள் ஒன்றிரண்டு செத்தாலே கருவி தளர்ந்துவிடும். நெடுநாள் கிடப்பில் கிடந்த கலத்தினுள் காட்மியம் ஊசிபோல் படிகமாக வளர்ந்து, மின்வாய்களைப் பிரிக்கும் மெல்லிய தடுப்பைத் துளைத்துக் குறுக்குச்சுற்றை (ஷார்ட் சர்க்யூட்) உண்டாக்குகிறது. கணநேரம் பெருமின்னோட்டத்தைப் பாய்ச்சி அந்த ஊசியை எரிப்பதைத்தான் பலர் புத்துயிர் என்கிறார்கள். கலம் மீண்டும் மின்னேற்றத்தை ஏற்கும் என்பது உண்மை. ஆயினும் தடுப்பில் விழுந்த ஓட்டை அடைபடுவதில்லை, ஏற்றிய மின்சாரம் தானே கசியும், முள்ளும் மறுபடி முளைக்கும். ஆகவே இதற்கு ‘முள்ளெரிப்பு’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். செய்வதை மட்டும் சொல்லும் பெயர் அது. உயிர் தருவதாக வாக்களிப்பதில்லை.

லித்தியம்-அயனி அடுக்கில் இந்த வித்தையைக் காட்டவே கூடாது. அங்கே அதே 18 வோல்ட்டுக்கு 3.6 வோல்ட் கலங்கள் 5 தொடராக இருக்கும். அளவுக்கு மீறி மின்னிறங்கிக் கிடந்த கலத்தில் எதிர்மின்வாயின் தாமிரத் தகடு கரைந்து, மறுபடி மின்னேற்றும்போது வேண்டாத இடத்தில் படிந்து, உள்ளேயே குறுக்குச்சுற்றாகித் தீப்பிடிக்கவும் கூடும். ‘புத்துயிரூட்டல்’ என்ற தலைப்பின்கீழ் இரண்டையும் படிக்கும் ஒருவர் முள்ளெரிப்பை லித்தியத்தில் செய்து பார்த்தால், பிழை அவருடையது மட்டுமன்று, சொல்லைத் தந்த நம்முடையதுமாகும்.

லித்தியத்துக்கு உரிய வேலை, பழைய வெளிக்கூட்டையும் காப்புச் சுற்றுப்பலகையையும் (பாதுகாப்பு சர்க்யூட் போர்டு) வைத்துக்கொண்டு, ஒரே வகையும் ஒரே கொள்ளளவும் கொண்ட புதிய கலங்களை நிக்கல் பட்டையால் புள்ளிப்பற்றவைப்பு (ஸ்பாட் வெல்டிங்) செய்து இணைப்பதாகும். (சால்டரிங் சூட்டுக்கோலை நேரே கலத்தின்மேல் வைத்தால் வெப்பமே அதைக் கெடுத்துவிடும்.) இதற்கு முன்மொழியப்பட்ட ‘மீள்கலமாக்கம்’ தாளில் பிறந்த சொல், கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், விழிப்பார். எரிந்த மோட்டாரின் உடலை வைத்துக்கொண்டு உள்ளே புதுக்கம்பி சுற்றுவதைப் பட்டறைகளில் ‘காயில் கட்டுதல்’ என்கிறார்களே, அதே வழியில் இதைக் ‘கலம் கட்டுதல்’ என்றால் என்ன? ‘மறு’, ‘மீள்’ என்ற முன்னொட்டுகள் இல்லாமலே பொருள் விளங்கிவிடுகிறது.

ஒரு தடை உண்டு: கலம் என்றால் மரக்கலமும்தான், கப்பல் கட்டும் கட்டுரையென்று யாரேனும் நுழையலாம். தலைப்பில் மட்டும் ‘மின்கலம் கட்டுதல்’ என்று முழுமையாக எழுதினால் அந்த மயக்கமும் நீங்கும். பாடநூல்கள் மின்கலம், மின்கல அடுக்கு என்று பிரிப்பதும் இதற்கு இசைவானதே. கட்டப்படுவது கலம், கிடைப்பது அடுக்கு.

‘புத்துயிரூட்டல்’ அகராதியில் இருக்கட்டும், ஆனால் அதற்கு விளக்கம் எழுதாமல் இவ்விரு சொற்களையும் காண்க என்று மட்டும் குறித்துவிடலாம். மாற்றுக் கருத்திருந்தால் எழுதுங்கள்.