பாசறையில் பரவும் காய்ச்சல்: தடுப்பூசி மட்டும் போதுமா?

வேல்முனை:
பயிற்சி முகாமில் காய்ச்சல் பரவினால் எல்லோரும் நெரிசலைத்தான் குறை சொல்கிறார்கள். நான் ஏற்க மாட்டேன். அமெரிக்கப் படையில், சளிக்காய்ச்சல் தரும் அடினோ வைரஸின் 4, 7 வகைகளுக்கு எதிராகப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 1971 முதல் தடுப்பு மாத்திரை (வாய்வழித் தடுப்பூசி) கொடுத்தார்கள். காய்ச்சல் அடங்கியது. 1990களின் நடுவில் அதைத் தயாரித்த ஒரே நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியது; 1999இல் கையிருப்பும் தீர்ந்தது. காய்ச்சல் திரும்பி வந்தது, இளம் வீரர்கள் சிலர் இறந்தும் போனார்கள். 2011இல் மாத்திரை மீண்டும் வந்ததும் நோய் சரிந்துவிட்டது. முகாம் வாழ்க்கை மாறவில்லை, மாத்திரைதான் மாற்றியது.

மழைக்குருவி:
அடினோவுக்கு அது சரி. தடுப்பூசியே இல்லாத கிருமி வந்தால்? 2020இல் அமெரிக்காவின் தியோடர் ரூசவெல்ட் விமானந்தாங்கிக் கப்பலில் ஏறத்தாழ 4,800 பேர் இருந்தார்கள். 1,200 பேருக்கு மேல் கோவிட் தொற்றியது, ஒருவர் இறந்தார். தொற்று உறுதியானபோது முக்கால்வாசிப் பேருக்கு அறிகுறியே இல்லை. அடுக்குக் கட்டிலும் குறுகலான நடைவழியுமாக இருக்கும் இடத்தில் யாரைப் பார்த்து ஒதுங்குவது? பெரும்பாலானவர்களைக் கரையிறக்கித் தனிமைப்படுத்த வேண்டியதாயிற்று. முதல் உலகப்போரின்போதே பிரிட்டனில் குளோவர் என்ற மருத்துவர், கட்டில்களைத் தள்ளிப்போட்டே மூளைக்காய்ச்சல் கிருமியைத் தொண்டையில் சுமந்தவர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டினார்.

வேல்முனை:
போர் வந்து ஆயிரக்கணக்கில் ஆள் சேர்க்கும்போது கட்டிலைத் தள்ளிப்போட இடம் ஏது? 1960களில் கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் ஆர்ட் முகாமில் இதே மூளைக்காய்ச்சல். சல்ஃபா என்ற கிருமிக்கொல்லி மருந்துக்குக் கிருமி கட்டுப்படவில்லை. 1964இல் பயிற்சியையே நிறுத்தினார்கள். எந்தப் படையும் அப்படி அடிக்கடி நிறுத்த முடியாது. பிறகு தடுப்பூசி வந்துதான் நிம்மதி.

பழைய செவிலி:
நான் ஒரு பயிற்சி முகாமில் வேலை பார்த்தவள். இரண்டு பேருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். காய்ச்சல் என்று சொன்னால் அடுத்த அணியோடு முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும் என்று பயந்து, பிள்ளைகள் மறைப்பார்கள். நிற்க முடியாமல் விழும்போதுதான் எங்களிடம் வருவார்கள். அதற்குள் பக்கத்துக் கட்டில்காரனுக்கும் இருமல். நோயைச் சொன்னவனுக்குப் பயிற்சி நாள் வீணாகாது என்ற உறுதியைக் கொடுங்கள். அப்புறம் கைகழுவுதல். அமெரிக்காவின் கிரேட் லேக்ஸ் கடற்படைப் பயிற்சி முகாமில் நாளுக்கு ஐந்து முறையாவது கழுவ வைத்ததில், மூச்சுத்தொற்றுக்காக மருத்துவரிடம் வருவது 45 சதவீதம் குறைந்தது.

மழைக்குருவி:
அம்மா, நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் சொல்வதற்கு அறிகுறி வேண்டுமே. 2020இல் அமெரிக்க மரைன் படையில் சேர்ந்தவர்களைத் தனிமைப்படுத்தி ஆராய்ந்தார்கள். தினசரி அறிகுறி விசாரிப்பில் ஒரு தொற்றுகூட அகப்படவில்லை. எல்லாம் பரிசோதனையில் தெரிந்தவைதான். அதனால்தான் சிறு குழுக்களாகப் பிரித்து, உண்பதும் உறங்குவதும் கலக்காமல் வைக்க வேண்டும் என்கிறேன்.

வேல்முனை:
சரி, குழுக்களைக் கலக்காமல் வைப்பதற்குப் பெரிய இடம் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மாத்திரையை விட்டுவிடச் சொன்னால் சம்மதிக்க மாட்டேன்.

மழைக்குருவி:
விடச் சொல்லவே இல்லையே. நீங்கள் சொன்ன கணக்கையே பாருங்கள்: 1999 முதல் 2011 வரை, பன்னிரண்டு வருடம் மாத்திரை இல்லை. அந்த வருடங்களில் முகாமுக்கு வந்த பிள்ளைகளுக்குக் கட்டில் இடைவெளியையும் கைகழுவலையும் விட்டால் வேறு என்ன இருந்தது?